கையிலுள்ள கத்தி: கருவியா, ஆயுதமா?

சட்ட அறிவுப் பாடம்



கல்முனைக் கரையோரத்தில் உள்ள ஒரு வீட்டுத்திட்டத்தில் மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில் நாம் கலந்துகொண்டிருந்தோம். விதைநெல், உரம், கடன் என்று பேசி முடிந்த பின்னர், பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து இப்படிக் கேட்டார்: "பாதர், எங்கட மாமா 2019ல ஊட்டுல கிடந்த வெட்டுக்கத்தி, தாக்கத்தி எல்லாத்தையும் கிணத்துக்குள்ள போட்டுட்டாரு. அதுக்குப் பொறகு ஒவ்வொரு போகமும் கடன் கத்திதான். இப்ப புதுசு வாங்கினாப் புடிப்பாங்களா?"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் தங்கள் வீடுகளிலும் இதுவே நடந்தது என்றார்கள். அந்தத் தாயின் கேள்விக்கு அன்று நாம் சொன்ன பதில் அரைகுறையானது. அதனை ஒழுங்குபடுத்தி இப்பாடமாகத் தருகின்றோம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இக்கேள்வி மற்றவர்களை விடக் கூடுதலாகப் பொருந்தும். வயலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவரின் கத்தி வாடியிலோ வீட்டுக் கூரையிலோ செருகிக் கிடக்கும். அது தெருவைக் காண்பதே இல்லை. ஆனால் யுத்தத்தாலோ 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடற்கோளாலோ ஊர்விட்டு வந்து, வயல் ஓரிடத்திலும் வீடு வேறோரிடத்திலுமாக வாழ்பவரின் கத்தி பஸ்ஸில் போகிறது, சந்தையைக் கடக்கிறது, சோதனைச் சாவடியைத் தாண்டுகிறது. அறுவடை இயந்திரம் வந்துவிட்டது உண்மைதான். ஆயினும் சாய்ந்த கதிரையும் வரம்போரத்துப் பயிரையும் இன்றும் தாக்கத்திதான் வெட்டுகிறது. வேலி கட்டவும், விறகு பிளக்கவும், தேங்காய் வெட்டவும், மீன் அறுக்கவும் கத்தி வேண்டும். ஆகவே கத்தியைக் கைவிடுவது எமக்கு வழியல்ல. அதனைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று அறிந்து வைத்திருப்பதே வழி.

1. 2019இல் நடந்தது என்ன?

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி ஆலயங்களிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 250க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 26ஆம் திகதி எமது கரையோரத்திலேயே, சாய்ந்தமருதில், படையினர் சுற்றிவளைத்த வீட்டில் துப்பாக்கிச் சமரும் குண்டு வெடிப்பும் நடந்து, சிறு பிள்ளைகளும் மாண்டனர். அவசரகாலச் சட்டம் நடைமுறைக்கு வந்து, அவ்வாண்டு ஆகஸ்ட் 22ஆம் திகதி வரை நீடித்தது.

நாடெங்கும் தேடுதல்கள் நடந்தன. மே மாதத்தின் முதல் வார இறுதியில் பொலிசார் ஓர் அறிவித்தல் விடுத்தனர். வாள்களையும் பெரிய கத்திகளையும் அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி அதில் கேட்டிருந்தனர். அந்த அறிவித்தலில் இரண்டாவது பகுதி ஒன்றும் இருந்தது. அன்றாடம் நியாயமான தேவைக்குப் பயன்படும் கத்திகள் இதில் அடங்கா என்பதே அது. முதற்பகுதி ஊரெங்கும் பரவியது. இரண்டாம் பகுதி பலருடைய காதுக்கு எட்டவில்லை. பயம் கேட்கும்போது பாதியைத்தான் கேட்கிறது. கிணற்றில் விழுந்த கத்திகளில் பல இந்த இரண்டாம் பகுதிக்குள் அடங்கியவை.

இவ்விடத்தில் நாம் எம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிவாசலில் கத்தி கண்டெடுக்கப்பட்டது என்ற செய்திகள் வந்தபோது, அயலில் வாழ்ந்த நாமும் நெஞ்சம் பதறினோம். கந்தூரிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் குர்பானுக்கும் அங்கே கத்தி இருக்கும் என்பதை ஒருகணம் மறந்துபோனோம். எமது ஆலயத் திருநாளில் சமையற்கொட்டிலில் எத்தனை கத்தி கிடக்கும் என்று எண்ணிப் பார்த்திருந்தால் போதும். ஒரே கத்தியை ஒருவர் வீட்டில் கருவி என்றும் மற்றவர் வீட்டில் ஆயுதம் என்றும் பார்க்கும் கண்ணைச் சட்டம் எமக்குக் கொடுக்கவில்லை. அச்சமே அதனைக் கொடுத்தது.

2. சட்டம் எதைப் பார்க்கிறது?

துப்பாக்கி வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். வீட்டுக் கத்திக்கோ தாக்கத்திக்கோ கோடாரிக்கோ அப்படி ஓர் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அவற்றை வாங்குவதும், வீட்டிலும் வயலிலும் வைத்து வேலை செய்வதும் குற்றமல்ல. பிரச்சினை எழுவது பொதுவிடத்தில் கொண்டு திரியும்போதும், இன்னொருவரை நோக்கி எடுக்கும்போதும்தான். பொதுவிடத்தில் கத்தியுடன் திரிவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிரித்தானியர் காலத்திலேயே எமது நாட்டில் இயற்றப்பட்டது.

ஒரு கத்தி கருவியா ஆயுதமா என்று தீர்மானிக்க மூன்று கேள்விகளை நினைவில் வைத்திருங்கள்.

முதலாவது, இது எதற்காகச் செய்யப்பட்டது? கம்மாலையில் அடித்த தாக்கத்தி கதிர் அறுக்கவும், வெட்டுக்கத்தி தடி வெட்டவும் செய்யப்பட்டவை. வாளும் குத்துவாளும் ஆளைத் தாக்கவே செய்யப்பட்டவை. அவற்றுக்கு வயலிலும் அடுப்படியிலும் வேலை இல்லை. சீனடி, சிலம்ப விளையாட்டுக்கென்று பாட்டனார் வைத்திருந்த பழைய வாள் வீட்டில் இருந்தால், அதனை ஒளித்து வைக்காதீர்கள். சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெற்று முறைப்படி என்ன செய்யலாம் என்று தீர்மானியுங்கள்.

இரண்டாவது, இது எங்கே, எந்த நேரத்தில் இருக்கிறது? காலை ஆறு மணிக்கு வயல் பாதையில் தோளில் கிடக்கும் மண்வெட்டியை எவரும் கேள்வி கேட்கமாட்டார். அதே மண்வெட்டி இரவு பத்து மணிக்குத் திருவிழாக் கூட்டத்திலோ தேர்தல் கூட்டத்திலோ இருந்தால் கேட்பார்கள்.

மூன்றாவது, ஏன் வைத்திருக்கிறீர்கள்? "வேலி கட்டப் போகிறேன்" என்பது காரணம். "ஒரு பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன்" என்று சொல்பவர், அது ஆளை நோக்கிப் பயன்படுத்தும் பொருள் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். எமது இளைஞர்கள் பலர் இதனை உணர்வதில்லை. வில்லுக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதும், வாளுடன் படமெடுத்து முகநூலில் போடுவதும் வீரமல்ல. அது தமக்கெதிரான சாட்சியைத் தாமே தயார் செய்வதாகும்.

தண்டனைச் சட்டக்கோவையும் இதே வழியில்தான் செல்கிறது. கையால் அடித்துக் காயப்படுத்துவது ஒரு குற்றம். குத்துவதற்கோ வெட்டுவதற்கோ ஆன கருவியால் காயப்படுத்துவது அதனைவிடப் பாரிய குற்றம் (பிரிவு 315). அக்காயம் கடுங்காயமானால் குற்றம் இன்னும் பாரதூரமாகிறது (பிரிவு 317). வெட்டியது வாளா, வீட்டுக் கத்தியா, தாக்கத்தியா என்பது அங்கே காப்பாற்றாது. காலையில் கதிர் அறுத்த கருவி மாலையில் ஆயுதமாகிவிடும். மாறுவது இரும்பல்ல, கையின் நோக்கம்.

"தற்காப்பு உரிமை இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு முதல் அது கூறப்பட்டுள்ளது. ஆனால் அதற்கு எல்லை உண்டு. தற்காத்துக்கொள்ளத் தேவையானதை விட மேலான தீங்கு செய்யக்கூடாது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருக்கும்போது அவ்வுரிமையைக் கையிலெடுக்கவும் முடியாது. நேற்று நடந்த அடிக்கு இன்று கத்தியுடன் போவது தற்காப்பல்ல, பழிவாங்கல்.

3. பிற நாடுகளில்

இக்கேள்வி எமக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று அமைந்த பொருட்களை ஆயுதம் என்ற சொல்லிலிருந்து விலக்கி வைத்தது. அதன் கீழ் 1962இல் வந்த விதிகள் 9 அங்குலத்தை விட நீளமான அல்லது 2 அங்குலத்தை விட அகலமான அலகுள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்த்தன. அங்கும் வீட்டு, விவசாய, கைத்தொழில் தேவைக்கென அமைந்தவை நீங்கலாகவே சேர்த்தன. சீக்கியர் சமயக் கடமையாக அணியும் கிர்பான் என்ற குறுவாளுக்கு அந்நாட்டு அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரையே இடமளித்துள்ளது.

இங்கிலாந்தில் சட்டம் இறுக்கமானது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மடக்கக்கூடியதும் அலகு 3 அங்குலத்துக்கு மேற்படாததுமான பேனாக்கத்தி தவிர, கூரிய அலகுள்ள எதையும் தகுந்த காரணமின்றிப் பொதுவிடத்தில் கொண்டு திரிவது குற்றம். தொழில், சமயம், தேசிய உடை ஆகியவை அங்கே தகுந்த காரணங்களாக ஏற்கப்படுகின்றன. லண்டனில் உறவினர் உள்ளவர்கள் இதனைப் பிள்ளைகளுக்கு எழுதுங்கள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் சகோதரிகளும் சமையற்கத்தியைக் கைப்பையில் வைத்து விமான நிலையத்துக்குப் போகக்கூடாது.

மூன்று நாடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அளவுகள் வேறுபடுகின்றன. ஆனால் உழைப்பவரின் கருவிக்கு எல்லா இடத்திலும் இடம் விடப்பட்டுள்ளது. அந்த இடத்தைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பதுதான் எமது வேலை.

4. வயலுக்குப் போகும் வழியில்

கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டோ இடுப்பில் செருகிக்கொண்டோ போகாதீர்கள். அலகைச் சாக்கால் சுற்றிக் கட்டி, மண்வெட்டி, கயிறு, சாப்பாட்டுப் பொதி ஆகியவற்றோடு ஒரே பையில் வையுங்கள். மற்றப் பொருட்களே அது வேலைக் கருவி என்று சாட்சி சொல்லும். சுற்றிய கத்தி பஸ்ஸில் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காலையும் காப்பாற்றும்.

வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் மட்டும் கொண்டு செல்லுங்கள். இடையில் கூட்டம், கடைத்தெரு, நீதிமன்றம், வைத்தியசாலை என்று போக நேர்ந்தால் கருவியைத் தெரிந்த வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

புதிய கத்தி வாங்கும்போது பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். அடையாள அட்டையோடு, கமநல சேவை நிலையத்தில் காணிக்குப் பசளை பெற்ற பதிவின் பிரதியையோ, இன்ன வட்டையில் வயல் செய்பவர் என்ற கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையோ வைத்திருப்பது நல்லது. சட்டம் இக்கடிதத்தைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆனால் இடம்பெயர்ந்தவரின் அடையாள அட்டையில் ஓர் ஊரும் வயல் வேறோர் ஊரிலுமாக இருப்பதால், அந்த இடைவெளியைக் கடிதம் நிரப்பும்.

முடிந்தால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வயற்பகுதியில் ஒரு பெட்டியைப் பூட்டுடன் வைத்து, கருவிகளை அங்கேயே விட்டு வரலாம். யார் யாருடைய கருவி என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பள்ளிவாசலிலும் கோவிலிலும் ஆலயத்திலும் பொதுச் சமையலுக்குள்ள கத்திகளையும் இவ்வாறே எண்ணிப் பதிந்து, பொறுப்பாளர் ஒருவரிடம் விட வேண்டும். 2019இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஆகஸ்ட் 12ஆம் திகதி, அவசரகாலச் சட்டம் நீங்குவதற்கு முன்னரே வந்தது. அப்படிப்பட்ட காலங்களில் ஒரு கொப்பிப் பதிவு எவ்வளவு உதவும் என்று எண்ணிப் பாருங்கள்.

5. வரம்பிலும் வாய்க்காலிலும்

எமது அனுபவத்தில் விவசாயிகள் கத்தியால் சிறைக்குப் போவது சோதனைச் சாவடியில் அல்ல. அது வரம்பில்தான் தொடங்குகிறது. பல வருடம் கழித்துத் திரும்பி வந்தால் எல்லைக் கல்லைக் காணோம். மேல் வயற்காரர் தண்ணீரை மறித்துவிட்டார். வேறொருவர் விதைத்து வைத்திருக்கிறார். கோபம் வருவது இயல்பு. அண்ணன், தம்பி, மைத்துனர் என்று ஐந்து பேர் சேர்ந்து, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள்.

இங்கே தண்டனைச் சட்டக்கோவையின் 138ஆம் பிரிவை அறிந்துகொள்ள வேண்டும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வன்முறையால் ஒரு காணியைக் கைப்பற்றவோ, ஒருவருடைய வழியுரிமையையோ தண்ணீர் உரிமையையோ பறிக்கவோ கூடினால், அது சட்டவிரோதமான கூட்டம். அக்கூட்டத்தில் கொலை ஆயுதத்துடன் நிற்பவருக்கு மட்டுமல்ல, ஆயுதமாகப் பயன்படுத்தினால் உயிர்போக்கக்கூடிய எப்பொருளுடனும் நிற்பவருக்குக் குற்றம் கூடுகிறது. மண்வெட்டியும் இதில் அடங்கும். 146ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அக்கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவர் வெட்டினால், வெட்டாமல் கூட நின்றவர்களும் அக்குற்றத்துக்குப் பொறுப்பாவார்கள். தம்பியின் கையிலிருந்த ஒரு கத்தியால் ஒரு குடும்பத்தின் ஆண்கள் எல்லோரும் ஒரே நாளில் உள்ளே போகலாம். அந்தப் போகத்தை யார் விதைப்பது?

உரிமைக்காக நிற்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்குக் கத்தியை விடக் கூரிய வழிகள் உண்டு. தண்ணீர்ப் பிணக்கை முதலில் வட்டைவிதானையிடமும் விவசாய அமைப்பிடமும் கொண்டு செல்லுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகலாம். காணிப் பிணக்கால் அமைதி குலையும் நிலை வந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வழக்கை நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். பொலிசாரும் வைக்கலாம், பாதிக்கப்பட்டவரும் வைக்கலாம். இங்கே ஒரு கால எல்லையைக் கவனியுங்கள். தகவல் தாக்கல் செய்யப்படுவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் ஒருவர் காணியிலிருந்து பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரை மீண்டும் அக்காணியில் அமர்த்தும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆகவே கோபத்தில் கழிக்கும் ஒவ்வொரு வாரமும் எமக்கே நட்டம்.

6. பொலிசார் நிறுத்தினால்

பதற்றப்படவும் ஓடவும் வேண்டாம். பைக்குள் கை விடாமல், உள்ளே வேலைக் கத்தி இருக்கிறது என்று முதலில் வாயால் சொல்லுங்கள். எங்கே போகிறீர்கள், யாருடைய வயல் என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

கைது செய்தால் அதற்கான காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கூறுகிறது. சாதாரண சட்டத்தின் கீழ், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 2019இல் அவசரகால விதிகளின் கீழும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும் கைதானவர்களுக்கு இந்த எல்லை பொருந்தவில்லை. அதனால்தான் அவ்வகைக் கைதுகளை 48 மணித்தியாலங்களுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் விதித்தது.

வாக்குமூலம் எழுதினால், அது உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டப்பட்ட பின்னரே ஒப்பமிடுங்கள். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழில் கேட்பது சலுகை அல்ல. கருவியை எடுத்துக்கொண்டால் அதற்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள்.

வீட்டிலுள்ளவர்கள் எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணி, யார் கைது செய்தார் என்பவற்றை உடனே எழுதி வையுங்கள். வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று கருதினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படாது. அவ்வாணைக்குழுவுக்குக் கல்முனையில் பிராந்தியக் காரியாலயம் உண்டு.

அந்தத் தாய்க்கு எமது பதில் இதுதான்: வாங்குங்கள், சகோதரி. பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள். சாக்கால் சுற்றிக் கொண்டு போங்கள். வேலை முடிந்ததும் கழுவி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மாமாவிடமும் சொல்லுங்கள்: அவர் செய்தது கோழைத்தனமல்ல. அன்று அவருக்குச் சொல்ல வேண்டியதை முழுமையாகச் சொல்ல ஆளிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நாமும் அடங்குவோம்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் எத்தனை கூரிய கருவிகள் உள்ளன? ஒவ்வொன்றும் என்ன வேலைக்கு? வேலை இல்லாதது ஏதும் உண்டா?

2. வீட்டிலிருந்து வயல் வரை உங்கள் கருவி கடக்கும் இடங்களை வரிசையாகச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கேள்வி எழலாம்? என்ன பதில் சொல்வீர்கள்?

3. உங்கள் வட்டையில் கடைசியாக நடந்த தண்ணீர்ப் பிணக்கு எவ்வாறு முடிந்தது? வேறு வழியில் முடித்திருக்கலாமா?

4. அயல் சமூகத்தவரின் வீட்டிலோ வணக்கத் தலத்திலோ இருந்த ஒரு பொருளைப் பற்றி, விசாரிக்காமல் நீங்கள் நம்பிய செய்தி ஒன்று உண்டா?